லிஃப்ட்காரரின் பச்சைக் கட்டங்கள்

பல் தேய்ப்பதற்கு முன்னால், முகத்தில் தண்ணீர் படுவதற்கு முன்னால், லிஃப்ட்காரர் கணினியைத் திறந்துவிடுவார். கூடத்து மூலையில் பெரிய திரை. அதற்கெதிரே கால் ஆடாத கனமான நாற்காலி. கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு ஒற்றை விரலால் கடவுச்சொல்லைக் குத்துவார். எந்த விசையையும் அவர் தட்டுவதில்லை, அமுக்குவார். அமுக்கிய பிறகும் விரலை உடனே எடுக்கமாட்டார், உள்ளே எங்கோ ஒரு விளக்கு எரிந்தாக வேண்டும் என்பதுபோல. பல்கலைக்கழகத்தின் பக்கம் விரியும். ‘பட்ட முன்னேற்றத் தணிக்கை’ என்று தலைப்பு. மாணவர்கள் ஆடிட் என்பார்கள், இவருக்கு அது ஆடிட்டு. பட்டம் வாங்க முடிக்க வேண்டிய பாடங்களெல்லாம் அதில் கட்டம் கட்டமாக நிற்கும். முடித்தது பச்சை, படித்துக்கொண்டிருப்பது மஞ்சள், இன்னும் முடிக்காதது சிவப்பு. உச்சியில் ஒரு வளையம். பச்சை கூடக்கூட அது நிறைந்துகொண்டே வரும். முழுதும் நிறைந்தால் பட்டம் கையில்.

நேற்றுப் பார்த்ததற்கும் இன்று பார்ப்பதற்கும் அதில் ஒரு மாற்றமும் இராது. தேர்வு முடிவு வரும் காலத்தில் மட்டும் நிறம் மாறுகிற பக்கம் அது. தெரிந்தும் மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து இறங்கி, "எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"இருக்காம? இறங்கி ஓடிப் போயிடுமா? போய்ப் பல்லத் தேயுங்க, பட்டதாரி."

லிஃப்ட்காரர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. ஊரில் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய கட்டடம் எதுவானாலும் அதற்குள் அவருடைய ஆட்களின் கை பட்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. அப்பா படுக்கையில் விழ, பிள்ளை எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் பின்னால் போனார். பதினெட்டு வயதில் மொட்டை மாடி மோட்டார் அறைதான் வீடு. மோட்டாரின் உறுமல்தான் தாலாட்டு. இன்று சொந்தத் தொழிற்கூடம், வாசலில் நிற்கும் வண்டிகள், நீலச் சட்டை போட்ட ஆட்கள் என்று எல்லாம் உண்டு. கல்லூரி முடித்த மூன்று பேர் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதைத் தினம் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பெருமை அடித்துக்கொள்கிறார் என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கையில் சரக்கு இருக்கிறவன் அடித்துக்கொள்ளாமல் வேறு யார் அடித்துக்கொள்வது?

எந்த லிஃப்டில் ஏறினாலும் விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். வேறு நிறுவனத்தின் லிஃப்ட் என்றால், பிடிக்காத உறவினர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு போவார். மாடிப்படி ஏறவே மாட்டார், "என் கடைக்கு நானே போட்டியா?" என்பார். வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு நீண்ட தழும்பு, இரும்புக் கயிறு உரசிக்கொண்டு போன வழி. உள்ளங்கை இரண்டும் காய்த்துக் கட்டையாகிப்போயிருந்ததால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்குவார். விருந்தாளி வந்தால் கட்டாயம் தூக்குவார்.

மனைவி கிடைத்ததும் லிஃப்டில்தான். நாலாம் மாடித் தையற்கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். ஒரு மத்தியானம் மின்சாரம் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுவிட்டது. உள்ளே அவள் ஒருத்திதான். கீழே கூடியவர்களெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருக்க, அன்றைக்கு வெறும் உதவியாளாக இருந்த இவர் மேல்மாடிக் கதவை நெம்பித் திறந்து, குப்புறப் படுத்து, இருட்டுக்குள் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "முதல்ல எண்ணெயத் துடைச்சிட்டு வாங்க" என்றாளாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை இருவரும் சேர்ந்தேதான் சொல்வார்கள். கையை நீட்டுகிறவரை அவர் பங்கு. எண்ணெய் வசனம் அவள் பங்கு. அதை அவர் சொல்ல விடமாட்டாள்.

அப்படிப்பட்டவருக்குப் படிப்பு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஒற்றை மகளின் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வந்தது. சம்பந்தியின் பெயருக்குப் பின்னால் பட்டம் ஒன்று வால்போல நீண்டிருந்தது. இவர் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. அச்சாகி வந்த பத்திரிகையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "என் பேரு மட்டும் மொட்டையா நிக்குது" என்றார். கல்யாணம் முடிந்ததும், பள்ளி முடிக்காத பெரியவர்களுக்கென்று பல்கலைக்கழகம் வைத்த நுழைவுத் தேர்வை எழுதி, வரலாற்றுப் பட்டத்துக்கு மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார். எப்போதும் முதல் வரிசை. சட்டைப் பையில் தொழிலுக்குரிய சின்ன டார்ச். கோட்டை கட்டிய அரசனைப் பற்றி ஆசிரியர் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அது சரிங்க, உச்சிக்குக் கல்லை எப்படி ஏத்தினான்?" என்று கேட்பார். ஏழு வருடத்தில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, கடைசிச் சில மட்டும் சிவப்பாக நின்றன. லிஃப்ட் ஏறும்போது மாடி எண்ணின் விளக்கு மாறுமே, அந்த மாதிரி என்று எல்லோரிடமும் சொல்வார்.

புள்ளியியல் என்ற ஒரே மாடியில்தான் பெட்டி சிக்கிக்கொண்டது. கட்டாயப் பாடம். இரண்டாம் முறையும் அதில் தோற்ற அன்று தொழிற்கூடத்து அறையில் தனியாக உட்கார்ந்து ஆடிட்டைத் திறந்து வைத்திருந்தார். வெளியே மத்தியான வெயில் சத்தமில்லாமல் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தின் அடியில், அதுவரை அவர் தொட்டேயிராத ஒரு பொத்தான்: ‘இப்படி இருந்தால்?’ துறையோ சேர்ந்த ஆண்டோ வேறாக இருந்திருந்தால் உங்கள் கட்டங்கள் எப்படி நிற்கும் என்று மாணவர்கள் மாற்றிப் பார்த்துக்கொள்வதற்கான வசதி அது. கீழே பொடி எழுத்தில், ‘இது பார்வைக்கு மட்டுமே. உங்கள் பதிவில் எந்த மாற்றமும் ஏற்படாது’ என்றிருந்தது.

மனக்கசப்பில் அதை அமுக்கினார். சேர்ந்த ஆண்டு என்ற இடத்தில் பின்னோக்கி உருட்டிக்கொண்டே போனார். தனக்குப் பதினெட்டு வயது நடந்த ஆண்டு வந்ததும் நிறுத்தினார். அத்தனை பழைய ஆண்டு அந்தப் பட்டியலில் எப்படி இருந்தது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. திரையில் ஒரு வட்டம் வெகு நேரம் சுழன்றது. பிறகு அவர் பெயர், அவர் எண், அந்த ஆண்டு. கட்டங்கள் எதிலும் நிறமில்லை. எல்லாம் வெள்ளையாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ வருவதற்குக் காத்திருப்பவைபோல இருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மருத்துவமனை லிஃப்ட் ஆட்களோடு நின்றுவிட்டது என்றார்கள். பக்கத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் காலையில் ஆடிட்டைத் திறந்தார். பழைய பக்கம்தான், அவருடைய ஏழு வருடப் பச்சைகள்தான். ஆனால் புள்ளியியல் பச்சையாகியிருந்தது. பக்கத்தில் மதிப்பெண் எழுபத்தொன்று.

மறுபடி திருத்தியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றாள் மனைவி. வாழ்க்கையில் ஓசியில் ஒரு டீகூடக் குடித்ததில்லை என்று மார்தட்டுகிறவர், அன்றைக்கு அந்தப் பச்சையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார். தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து, "புள்ளியியலையே கவுத்தாச்சு" என்றார். அன்று சாயங்காலம் ஜவுளிக்கடைக் கட்டடத்துக்குப் போனபோது, வருடக்கணக்காக அவரைக் கண்டதும் சலாம் வைக்கிற காவலாளி குறுக்கே வந்து நின்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "உங்க மாமனாரத்தான்" என்று இவர் சிரித்தார். காவலாளி சிரிக்கவில்லை. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த தலைமை மெக்கானிக் இறங்கி வந்து அழைத்துப் போகும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது.

பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கட்டங்கள் பச்சையாகத் தொடங்கின. தேர்வே நடக்காத மாதம் அது. வகுப்பே தொடங்காத பாடங்கள் அவை.

தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்பார்கள். முதலாளியிடமே தொழில் பழகி முதலாளியோடேயே நரைத்தவர். அறுந்த கயிற்றை வெறுங்கையால் பிடித்து லிஃப்ட்காரர் ஓர் ஆளைக் காப்பாற்றிய கதையைப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் சொல்வது அவர் வழக்கம். முன்கைத் தழும்பு வந்த கதையும் அதுதான். ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் அதே கதையை அவர் சொல்வது அறைக்குள் கேட்டது. கயிற்றைப் பிடித்தவர் மட்டும் மாறியிருந்தார். லிஃப்ட்காரருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்து எப்போதோ செத்துப்போன பழைய முதலாளி பிடித்தார் என்று போனது கதை. லிஃப்ட்காரர் வெளியே வந்து, "யோவ், அது நான்யா" என்றார். ஸ்பேனர் சோற்றில் கை வைத்தபடி சங்கடத்தோடு நிமிர்ந்தார்.

"நீங்களா முதலாளி? நீங்க அப்ப காலேஜ்ல படிச்சிட்டு இருந்தீங்கன்னுல்ல சொல்வாங்க?"

கிண்டல் இல்லை. மனிதர் மனதில் பட்டதைச் சொன்னார். லிஃப்ட்காரர் அறைக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். தழும்பு இருந்தது, ஆனால் பென்சில் கோட்டைப் பாதி அழித்த மாதிரி மங்கியிருந்தது. அன்று வீட்டில் வழக்கம்போலச் சுடுபாத்திரத்தைத் தூக்கியவர் கையை உதறிக்கொண்டு கீழே போட்டார். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். புத்தகம் தவிர வேறெதையும் தொடாத கைபோல மெத்தென்று இருந்தது.

இது என்னவென்று விசாரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளில், நுழைவாயிலில் இருந்தவர் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "பேரனத் தேடி வந்தீங்களா? இப்பதான் உள்ள போச்சு. மூஞ்சிய உரிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு." லிஃப்ட்காரருக்குப் பேரன் கிடையாது. மகளுக்கு இன்னும் குழந்தையில்லை. எந்த வகுப்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பகல் வகுப்புகள் நடக்கும் பக்கம் போனார். ஆசிரியர் வெளியே போயிருந்தார், பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியைக் காட்டி, இவ்வளவு நேரம் இங்கேதான் இருந்தான், இப்போதுதான் எழுந்து போனான் என்றார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சூடாக இருந்தது. பையன் எப்படி என்று விசாரித்தார். அதிகம் பேசமாட்டான், கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பான், வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது என்றார்கள். பையை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள்.

"லிஃப்ட் பட்டன அமுக்கினா விரல எடுக்கவே மாட்டான், தாத்தா. ஒட்டிக்கிச்சான்னு நாங்க கேலி பண்ணுவோம்."

வெளியே வந்து வண்டியை எடுத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது உண்மை.  ஆனால் பாதி வழியில் பயம் போய் வேறொன்று வந்தது. மோட்டார் அறையின் எண்ணெய்த் தரையில் சுருண்டு படுத்திருந்த அந்தப் பதினெட்டு வயதுப் பையன், ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறான். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறான். பையன் சோடை போகவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் லிஃப்ட்காரரின் முகத்தில் அவருடைய வழக்கமான களை திரும்பிவிட்டது.

அதன்பின் அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ஆடிட்டைத் திறக்கும்போது கண்ணில் ஒரு பேராசை. மதிப்பெண்கள் எழுபதைத் தாண்டி எண்பதைத் தாண்டிப் போயின. சில நாள் ஒரே பையனைப் பரீட்சைக்கு அனுப்பிய தகப்பன்போல விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். தொழிற்கூடத்தில் இப்போது அவரைக் கேட்டு யாரும் எதுவும் செய்வதில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, "எதாவது சொல்லணுமா சார்?" என்றார்கள். முதலாளி என்ற சொல் எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு கீற்றுத்தான் பாக்கி.

வீட்டில் நடந்ததை மட்டும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மனைவி பட்டதாரி என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். திட்டுவதையும் நிறுத்தியிருந்தாள். குரல் தணிந்து, சொல் மெதுவாகி, காபி வைக்கும்போது கோப்பையின் காதை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கூடத்தில் அவரைப் பார்க்கும்போது அரை நொடி நின்று, பிறகுதான் சிரித்தாள். ஒரு நாள் காலையில் அவளுடைய தங்கை வந்திருந்தாள். பேச்சுவாக்கில் தங்கை அந்தப் பழைய லிஃப்ட் கதையை எடுத்தாள். பக்கத்து அறையில் இருந்த லிஃப்ட்காரர் தன் பங்கைச் சொல்ல எழுந்து வந்தார். அவர் வாசற்படியைத் தாண்டுவதற்குள் மனைவி பேசத் தொடங்கிவிட்டாள்.

"அத ஏன் கேக்கிற. சாயங்காலம் வரைக்கும் அந்த இருட்டுலயே உக்காந்திருந்தேன். யாருமே வரல. கரண்ட் வந்ததும் நானே இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன்."

தங்கை அக்காவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். அவள் போன பிறகு லிஃப்ட்காரர் மனைவி எதிரில் உட்கார்ந்து, அப்படியென்றால் நாம் எப்படிச் சந்தித்தோம் என்று கேட்டார். அவள் நெடுநேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது. பிறகு அயலாரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல மென்மையாகச் சிரித்து, "அதான் ஞாபகம் வரல" என்றாள்.

அவருக்குப் பின்னால் சுவரில் மகளின் படம் மாட்டியிருந்தது. திரும்பி அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

எழுத்துப் படித்தவனுக்கு ஆயிரம் வழியில் விளங்கும். லிஃப்ட்காரருக்கு ஒரே வழியில்தான் எதுவும் விளங்கும், அந்த வழியில் விளங்கிவிட்டது. ஒரு கயிற்றின் இந்த முனையில் ஆட்கள் ஏறும் பெட்டி, அந்த முனையில் அதே கனத்துக்கு இரும்புக் கட்டைகள். பெட்டி மேலே போகிற அளவுக்குக் கட்டைகள் கீழே இறங்கும், ஓர் அங்குலம்கூடப் பிசகாது. அந்தப் பையன் மாடி மாடியாக ஏற, இவர் இறங்கிக்கொண்டிருந்தார். இனி ஒரே ஒரு மாடி. அதை அவன் எட்டும்போது, நாலாம் மாடித் தையற்காரியின் புருஷன் என்று உலகத்தில் ஒருவர் இருக்கமாட்டார், அவர்களுக்குப் பிறந்த மகளும் இருக்கமாட்டாள்.

தப்பு எங்கே நடந்தது என்பதும் அடுத்த நொடியே தெரிந்தது. லிஃப்டைப் பழுது பார்க்கும்போது ஒரு ஸ்விட்சைத் திருப்பிச் சோதனை ஓட்டத்தில் போடுவார்கள். வேலை முடிந்ததும் அதைப் பழையபடி நார்மலுக்குத் திருப்பிவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். திருப்ப மறந்த மெக்கானிக் ஒருவரை ஈவு இரக்கமில்லாமல் அன்றே வீட்டுக்கு அனுப்பியவர் லிஃப்ட்காரர். அவரேதான் அன்று மத்தியானம் ‘இப்படி இருந்தால்?’ என்று சோதனையில் போட்ட பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிட்டு ஓடினார்.

செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

பல்கலைக்கழகப் பதிவு அலுவலகம் ஆறாம் மாடியில். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலகப் பெண் அவர் எண்ணைத் தட்டிவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். இந்த எண்ணில் இரண்டு சேர்க்கை ஆண்டுகள் நிற்கின்றன என்றாள். பார்வைக்கு மட்டும் என்று போட்டிருப்பது பதிவில் ஏற வழியே இல்லை, ஆனால் ஏறியிருக்கிறது. போலி என்றும் சொல்ல முடியவில்லை. ஆள் வகுப்புக்கு வந்திருக்கிறது, பரீட்சை எழுதியிருக்கிறது, தேறியிருக்கிறது. எது அவருடையது, எது அந்தப் பழைய ஆண்டினுடையது என்று பிரிக்க வராதபடி இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன.

"விட்டுடுங்கய்யா" என்றாள் குரலைத் தாழ்த்தி. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு. நாளைக்கே பச்சையாயிடும் போலிருக்கு. நான் இதைத் தொட்டா மொத்தத்தையும் மூட வேண்டியிருக்கும். நீங்க படிச்ச ஏழு வருஷமும் அதுல போயிடும்."

 லிஃப்ட்காரர் மதிப்பெண்களை மேலிருந்து ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். அவள் படித்தாள். தன்னுடைய ஐம்பதுகளும் அவனுடைய எண்பதுகளும் மாறி மாறி வர, மோட்டாரின் ஓட்டத்தைக் கேட்பதுபோலக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பழைய ஆண்டில் சேர்ந்தவன் முதல் வகுப்பில் வருவானா என்று விசாரித்தார். முதல் வகுப்புக்கும் மேலே, இந்த முறை பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வருகிற கணக்கு என்றாள் அவள். லிஃப்ட்காரர் திரும்பி, வரிசையில் அடுத்து நின்ற முன்பின் தெரியாத மனிதரிடம், "கேட்டுக்கிட்டீங்களா? பதினெட்டு வயசுப் பையன்" என்றார். அந்த மனிதர் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தார்.

"மூடினா அவன் என்ன ஆவான்மா?"

"யாருங்கய்யா?"

அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூடிடு."

காரணம் எழுத வேண்டும் என்றாள். என்ன எழுதட்டும் என்று கேட்டாள்.

"சோதனை ஓட்டத்துல விட்டுட்டு வந்தவன் நான். நார்மலுக்குத் திருப்ப வேண்டியதும் நான்தான். அப்படியே எழுதிக்க."

அவள் அதை எப்படி எழுதினாளோ, எழுதினாள். திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு விசையைத் தட்டினாள். அடிக் கட்டத்திலிருந்து பச்சை அவியத் தொடங்கியது. மாடி மாடியாக விளக்கை அணைத்துக்கொண்டு யாரோ மேலே ஏறுவதுபோல, ஒன்று, அதற்கு மேல் ஒன்று. அவனுடையவை போயின, நடுவே கலந்திருந்த இவருடையவையும் போயின. உச்சியில் அவர் முதன்முதலாகத் தேறிய பாடம். அந்தத் தேர்வு முடிவு வந்த அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனவர் அவர். அதுவும் அவிந்தது. வளையம் காலியாக வெள்ளை வட்டமாக நின்றது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். லிஃப்ட்காரர் விலகி வழிவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் கைபேசி அதிர்ந்தது. மனைவி. எடுத்த எடுப்பில் ஏறிப் பாய்ந்தாள். வாசல் கதவைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு எங்கே தொலைந்தீர்கள், மகள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது, வயசுதான் ஏறுகிறது, பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா என்று மூச்சு விடாமல் பொரிந்தாள். அவர் சுவரில் சாய்ந்து கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும், "இன்னும் கொஞ்சம் திட்டேன்" என்றார்.  "கிறுக்குப் புடிச்சிருச்சா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. கோடியில் ஒரு ஜன்னல், அதன் வழியே தரையில் விழுந்த மத்தியான வெயில். வகுப்பறைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. லிஃப்ட் வந்து திறந்தது. உள்ளே போய்க் கீழ்த்தளத்துக்கு அமுக்கினார். கதவுகள் இரு பக்கமிருந்தும் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கின.

அவர் சட்டென்று நடுவே கையைக் கொடுத்தார். கதவுகள் உள்ளங்கையில் மோதிப் பின்வாங்கின. வெளியே யாருமில்லை. மறுபடி நெருங்கின. மறுபடி கையால் தடுத்தார். அந்தக் கையை எடுக்காமலேயே பக்கவாட்டில் நகர்ந்து, தோள் சுவரில் படும்வரை ஒதுங்கி, பெட்டியில் பாதியைக் காலியாக விட்டார். நீண்ட வராந்தாவை, தலையைக் குனிந்துகொண்டு, அவசரமில்லாமல் ஒரு பையன் நடந்து கடக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை மெதுவாக எடுத்தார்.